நிலையம் வந்தது, நடைபாதை வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள் சூழ்ந்திருந்த எங்கள் பூச்சோங் வட்டாரத்தின் ஊடாக ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டி (இலகு ரயில்) தடம் நீட்டிக்கப்பட்டு, 2016 ஜூன் 30 அன்று புத்ரா ஹைட்ஸில் கிளானா ஜெயா தடத்துடன் இணைந்தது முதல், வேலைக்கும் மருத்துவமனைக்கும் கோலாலம்பூர் செல்வோருக்கு அது பேருதவியாக இருந்து வருகிறது. 50 ரிங்கிட் ‘மை50’ மாதப் பயண அட்டை இருந்தால் செலவும் கட்டுப்படியாகிறது.

ஆனால், நிலையத்தை அடைவதுதான் பெரும்பாடு. எங்கள் குடியிருப்பிலிருந்து செல்லும் நடைபாதை பாதியிலேயே நின்றுவிடுவதால், மழை நாளில் மூதாட்டிகள் ஒரு கையில் குடையும் மறு கையில் சேலைக் கொசுவமுமாக, திறந்த கால்வாய்க்கும் லாரிகளுக்கும் இடையே ஒதுங்கி நடக்க வேண்டியுள்ளது. லாரி ஓட்டுநர்களையும் குறை சொல்வதற்கில்லை. அந்த வளைவில் அவர்களுக்கும் விலக இடமில்லை. படியேற இயலாதோர் நம்பியிருக்கும் மின்தூக்கியோ அடிக்கடி பழுதாகிவிடுகிறது.

கார் நிறுத்துமிடத்தைப் பெரிதாக்குவதைவிட, கால்வாயை மூடிக் கூரையிட்ட நடைபாதையும் தெருவிளக்குகளும் அமைப்பதே முதலில் செய்ய வேண்டிய வேலை என்பது என் கருத்து. அடுத்த மழைக்காலத்திற்கு முன்பாவது சம்பந்தப்பட்ட தரப்பினர் அந்த வழியை நேரில் நடந்து பார்த்து, பணியைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பூச்சோங்