விவசாயப் பொருளியல் படித்தால் கணக்குப்பிள்ளை வேலைதானா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியானால் திருகோணமலையில் ஒவ்வொரு வருடமும் ஒரே பேச்சுத்தான். மருத்துவம் கிடைக்கவில்லை, பல் மருத்துவமும் இல்லை, சரி விவசாயமாவது கிடைத்ததே, போய்ப் படி என்பார்கள். அந்தப் பிள்ளை இரண்டு மூன்று வருடம் கழித்து லீவில் வந்து, விவசாயப் பொருளியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கப்போகிறேன் என்று சொன்னால் வீட்டில் மறுபடியும் முகம் சுருங்கும். உணவு விஞ்ஞானம் எடுத்தால் கம்பனியில் வேலை, பயிர் விஞ்ஞானம் எடுத்தால் ஆராய்ச்சி நிலையம், பொருளியல் எடுத்து யாருக்குக் கணக்கு எழுதப்போகிறாய் என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டார்கள், இப்போது என் அக்காவின் மகளிடமும் கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இந்தப் பாடத்தில் பட்டம் பெற்று, இதே துறையில் சம்பளம் வாங்குகிறவன். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் இதைக் கடைசித் தெரிவாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட மோசமானது, ஆய்வுகூடம் இல்லை, லேசான பாடம் என்று யாரோ சொன்னதை நம்பி இதற்குள் வந்து மாட்டிக்கொள்வது.

நெல்லையே எடுப்போம். தம்பலகாமம், கந்தளாய், மூதூர், கிண்ணியா என்று எங்கே போனாலும் வயல்தானே. இறுதியாண்டு ஆய்வுக்காகத் தம்பலகாமத்தில் வினாக்கொத்தோடு வரம்பில் உட்கார்ந்து ஒரு பெரியவரிடம் உற்பத்திச் செலவு கேட்டுக்கொண்டிருந்தேன். உழவு எவ்வளவு, விதைநெல் எவ்வளவு, பசளை எத்தனை அந்தர், களைநாசினி எவ்வளவு, வெட்டு மெஷினுக்கு எவ்வளவு எல்லாம் விரல் மடித்துச் சொன்னார். உங்கட கூலி எவ்வளவு ஐயா என்று கேட்டேன். "எனக்கு நானே கூலி குடுக்கிறதோ தம்பி?" என்று சிரித்தார். சொந்தக் காணிக்குக் குத்தகை எவ்வளவு என்று கேட்டதும் இன்னும் சிரித்தார். பிறகு நான் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்டினேன். கையிலிருந்து போன காசை மட்டும் கழித்தால் இலாபம். அவருடைய உழைப்பு, மனைவியின் உழைப்பு, காணிக்கு வந்திருக்கக்கூடிய குத்தகை எல்லாவற்றுக்கும் பெறுமதி போட்டால் நட்டம். விவசாயத் திணைக்களம் ஒவ்வொரு போகத்துக்கும் வெளியிடுகிற உற்பத்திச் செலவு அறிக்கையிலும் இப்படி இரண்டு விதமாகத்தான் கணக்கு இருக்கும், பத்திரிகைச் செய்தியில் ஒன்றுதான் வரும், எது வசதியோ அது.

பெரியவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நட்டமெண்டா வீட்டுச் சோத்துக்கு அரிசி ஆர் தருவினம்?" அது விளையாட்டுக் கேள்வி இல்லை. வீட்டுக்கு என்று அவர் ஒதுக்கிய மூட்டைகளுக்கு நான் வயல்கரை விலையைப் போட்டிருந்தேன், அவர் அந்த நெல்லை வைத்திருக்காவிட்டால் கடையில் அரிசி விலை கொடுத்தல்லவா வாங்கவேண்டும்? அந்த ஒரு வரியை மாற்றினால் முழு முடிவும் நகர்கிறது. ஏழை விவசாயி கணக்குத் தெரியாதவன் என்பது அந்தக் காலத்துப் பெரிய பொருளியலாளர்கள் பலருடைய எண்ணம், அதை மறுத்து, கையில் இருக்கிற வளத்துக்கு அவன் சரியாகத்தான் கணக்குப் போடுகிறான் என்று வாதாடிய தியடோர் ஷுல்ஸ் 1979 இல் நோபல் பரிசை ஆர்தர் லூயிஸுடன் பகிர்ந்துகொண்டார். அவர் அடிப்படையில் ஒரு விவசாயப் பொருளியலாளர்.

அடுத்தது உத்தரவாத விலை. ஒவ்வொரு பெரும்போக அறுவடைக்கும் அரசாங்கம் ஒரு விலையை அறிவிக்கும், விவசாயி அதற்குக் குறைவாகத் தனியாரிடம் விற்பான், ரீவியில் ஒருவர் வந்து விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை என்பார். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. அரசாங்கத்துக்காக நெல் வாங்குகிற நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அந்த விலைக்கு வாங்காது. மெஷினால் வெட்டி உடனே மூட்டையில் கட்டுகிற நெல்லில் ஈரம் அதைவிட நன்றாகக் கூடத்தான் இருக்கும். உதாரணத்துக்கு 22 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நெல் 100 கிலோவை 14 வீதத்துக்குக் காயவைத்தால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 91 கிலோ. ஆகவே வயல்கரையில் லொறிக்காரன் ஈர நெல்லுக்குக் கிலோ 100 ரூபாய் கொடுக்கிறான் என்றால் அது காய்ந்த நெல்லுக்கு 110 ரூபாய் கொடுப்பதற்குச் சமம். அதற்கு மேல் காயவைக்கிற கூலி, காயவைக்கத் தளம் இல்லாமல் தார் வீதியில் பரப்பிவிட்டு வாகனத்துக்குக் காவல் இருப்பது, திடீரென்று மழை வந்தால் என்ன செய்வது என்ற பயம், சபையின் களஞ்சியம் வரைக்கும் ஏற்றுக்கூலி, காசு கைக்கு வரும்வரை காத்திருப்பது. பசளையும் களைநாசினியும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர் வெட்டு முடிந்த அன்றே வாசலில் நிற்பார். இத்தனையையும் கூட்டிப் பார்த்துத்தான் அந்த மனிதன் லொறிக்கு ஏற்றுகிறான். விழிப்புணர்வுக் கூட்டத்தை விட அவனுக்கு ஒரு காயவைக்கும் தளம் கூடுதலாக உதவும். எத்தனை பேருக்கு ஒரு தளம், எங்கே போட்டால் செலவு தேறும், அதை யார் பராமரிப்பது, இதைக் கணக்குப் போட்டுச் சொல்லத்தான் இந்தப் பட்டதாரி வேண்டும்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, போன முறை விலை ஏறியது என்று இந்த முறை எல்லாரும் நட்டு, எல்லாரும் ஒரே கிழமையில் கிண்டி, விலை விழுந்து, அடுத்த முறை ஒருவரும் நடாமல் மறுபடி ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டுகிற முதலாம் வருடத்துச் சிலந்திவலைப் படம் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். கொழும்புப் பிள்ளைக்கு அது வெறும் படம்.

2021 ஐயும் மறக்க முடியாது. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் மீளப் பெற்றார்கள், அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. யூரியா இல்லாவிட்டால் விளைச்சல் எவ்வளவு விழும் என்று பயிர் விஞ்ஞானி சொல்லுவார். அது ஒரு குடும்பத்தின் கடனை எவ்வளவு கூட்டும், அரிசி விலையை எங்கே கொண்டுபோகும், பசளையில் மிச்சம் பிடித்த டொலர் அரிசி இறக்குமதியில் போய்விடாதா என்று கேட்பது எங்களுடைய வேலை. சொன்னவர்கள் இருந்தார்கள், கேட்டவர்கள் குறைவு என்பது வேறு கதை.

இந்தப் பாடம் வயலோடு நின்றுவிடுவதும் இல்லை. அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1909 இல் இதற்கென்று ஒரு துறை தொடங்கியபோது பண்ணைக் கணக்குத்தான் பெரிதாக இருந்தது. இன்று அந்தத் துறையின் பெயரிலும் 'பிரயோகப் பொருளியல்' சேர்ந்திருக்கிறது, அந்நாட்டு விவசாயப் பொருளியலாளர் சங்கமும் 2008 இல் தன் பெயரில் அதைச் சேர்த்துக்கொண்டது. தண்ணீர், மீன்பிடி, காடு, பயிர்க் காப்புறுதி, நுண்கடன், உணவு விலை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. 2009 இல் பொருளியல் நோபல் பரிசு வாங்கிய முதல் பெண்ணான எலினோர் ஒஸ்ட்ரொம், பொதுவான வளத்தை மக்கள் தாங்களே எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர், அவர் எடுத்துப் பேசிய உதாரணங்களில் இலங்கையின் தெற்கே மாவெல்லவின் கரைவலை மீன்பிடியும் உண்டு, எங்கள் கிழக்கின் கல்லோயா நீர்ப்பாசனமும் உண்டு. திருகோணமலையில் கரைவலை இழுக்க யாருடைய முறை என்று சண்டை பிடிப்பதைக் கண்டவர்களுக்கும், போகம் தொடங்கமுன் குளத்துத் தண்ணீருக்காகக் கூடுகிற கூட்டத்தில் கடைசி வாய்க்கால்காரன் சத்தம் போடுவதைக் கேட்டவர்களுக்கும் அது அந்நிய விடயம் இல்லை.

சரி, இனிக் கசப்பான பக்கம். விவசாய பீடத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் உயிரியல் பிரிவில் இருந்து வருகிறவர்கள். அவர்களில் பலர் உயர்தரத்தில் உயிரியல் எடுத்ததற்கே ஒரு காரணம் இணைந்த கணிதத்துக்குப் பயம். மறுபக்கம், வர்த்தகப் பிரிவில் இரண்டு வருடம் கேள்வி, நிரம்பல், நெகிழ்ச்சி, அமையச் செலவு எல்லாம் படித்த பிள்ளைக்கு விவசாய பீடத்தின் கதவு திறக்காது, அவர் முகாமைத்துவத்துக்கோ கலைப்பீடத்துக்கோ போய்விடுவார். ஆக, பொருளியல் தெரிந்தவர் வெளியே, பொருளியலும் தெரியாமல் கணிதத்தையும் விட்டு ஓடிவந்தவர் உள்ளே! இது எந்த ஒரு பீடத்தின் குற்றமும் இல்லை, அனுமதி முறை அப்படி. ஆனால் உள்ளே போன பிறகுதான் தெரியும், இது முழுக்க முழுக்கக் கணிதம் என்று. எல்லைச் செலவு, அதாவது இன்னும் ஒன்றைக் கூடுதலாக விளைவிக்க ஆகும் செலவு என்றால் வகையீடு. உற்பத்திச் சார்பு, அதாவது எவ்வளவு போட்டால் எவ்வளவு விளையும் என்ற தொடர்பு என்றால் மடக்கை. அதற்குப் பிறகு தரவை வைத்துப் பொருளியலை அளக்கிற பொருளாதார அளவையியல், ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்று கணிக்கிற ரிக்ரெஷன், ஸ்டாட்டா (Stata), ஆர் (R) போன்ற ஏதாவது ஒரு மென்பொருள், எல்லாம் ஆங்கிலத்தில். என்னோடு படித்த சிலர் தரவை இன்னொருவரிடம் கொடுத்து ரிக்ரெஷன் ஓட்டி எடுத்து, அட்டவணையை அப்படியே ஒட்டி, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே பட்டம் வாங்கினார்கள். நேர்முகப் பரீட்சையில் முதல் கேள்வியிலேயே அது வெளியே வந்துவிடும்.

வேலை பற்றியும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம், விவசாயத் திணைக்களம், மத்திய வங்கி, விவசாயக் கடன் கொடுக்கிற வங்கிகள், காப்புறுதி, தொண்டு நிறுவனங்கள், ஏற்றுமதிக் கம்பனிகள் என்று இடம் இருக்கிறது. பட்டம் கையில் வந்த அடுத்த நாளே வேலை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் தரவைச் சுத்தமாக்கி, ஓட்டி, இரண்டு பக்கத்தில் விளக்கமாக எழுதத் தெரிந்தவர் சும்மா இருந்ததை நான் பார்த்ததில்லை. மேற்படிப்புக்குப் பேராதனையில் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது, கணிதம் பலமாக இருந்தால் வெளிநாட்டில் உதவித்தொகையோடு படிக்கவும் வழி உண்டு.

விண்ணப்பம் நிரப்பப்போகிறவர்களுக்கு இன்னொன்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் விவசாய பீடம் இல்லை, அது வந்தாறுமூலையில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். பேராதனையிலும் விவசாயப் பொருளியலுக்குத் தனித் துறை உண்டு. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. இசட் புள்ளியைப் பார்த்து மனம் விட்டுப்போய் விருப்ப ஒழுங்கைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிற பிள்ளைகள் இதையாவது ஒருமுறை வாசித்துவிட்டு நிரப்பட்டும்.

நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. உயர்தரப் பரீட்சை முடிந்து கம்பஸ் தொடங்கும் வரை மாதக்கணக்கில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். சிலர் கம்பியூட்டர் கோர்ஸ், சிலர் ஆங்கிலம், பலருக்குப் போன். அந்த நேரத்தில் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு வகையீடு, மடக்கை, நிகழ்தகவு, எக்செல், இவ்வளவையும் சொல்லிக்கொடுக்கிற ஒரு வகுப்பை நகரத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் பழைய மாணவர் சங்கங்களோ கணித ஆசிரியர்களோ தொடங்கலாம். மண்டபமும் கரும்பலகையும் இருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சம்பளம் இல்லாமல் சொல்லித்தர நான் தயார், என்னோடு வரக்கூடிய இன்னும் இரண்டு மூன்று பேரையும் தெரியும். விரும்புகிறவர்கள் உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயப் பட்டதாரி,
திருகோணமலை.