தாழிக்குள் இருந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் கிடைத்த, இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். கருப்பு சிவப்புப் பானைகளையும் மணிகளையும் விரிவாகச் சொல்லியிருந்தீர்கள். எலும்புகளுக்கு மட்டும் ஒரே வரி. அந்த வரியில் விரலை வைத்தபடி என் மகள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் மானிடவியல் முடித்துவிட்டுப் பழங்கால மனித எலும்புகளை ஆராய்கிறாள்.

தாழிகள் நிறையக் கிடைத்த ஆதிச்சநல்லூர் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டியதும், பிறகு தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரீ எடுத்த, நெற்றியில் கட்டும் பொன் பட்டங்களும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அங்கு கிடைத்த மண்டை ஓடுகளைப் பற்றி உடற்கூறியல் அறிஞர் சக்கர்மன் எழுதிய ஆய்வை 1930-இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது யாருக்கும் தெரியாது. அன்று மண்டையை அளந்து என்ன இனம் என்று தேடினார்கள். இன்று என்ன சாப்பிட்டார்கள், எந்த வயதில் நோயில் விழுந்தார்கள் என்று கேட்கிறார்கள்.

ஒருநாள் இரவு மகள் ஒரு பழைய பல்லின் அச்சு வார்ப்பைக் காட்டினாள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது குறுக்கே மயிரிழை போல ஒரு பள்ளம் தெரிந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. “ஈறுக்குள்ள இந்தப் பல் உருவாகிற சமயத்துல பிள்ளை பட்டினி கிடந்திருக்கும், இல்லன்னா பெரிய காய்ச்சல் கண்டிருக்கும்பா” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வயதாகிச் சுருங்கிப்போனவர்களைத்தான் தாழியில் வைப்பார்கள் என்று எங்கள் ஆச்சி சொல்வாள். எலும்புகள் வேறு கதை சொல்கின்றன. மகாராஷ்டிரத்தின் இனாம்காவ்னில் புனே டெக்கான் கல்லூரியினர் 1968-இலிருந்து பல ஆண்டுகள் தோண்டினார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே குழந்தைகளை இரண்டு தாழிகளில் வாயோடு வாய் சேர்த்து, வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பாதங்களை வெட்டிவிட்டுப் புதைத்திருக்கிறார்கள். இறந்தவர் எங்கும் போய்விடக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்கிறார்கள். கொந்தகையிலும் 2020-இல் ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்ததே!

இதையெல்லாம் படித்தவர்களுக்கு இங்கே வேலை எங்கே இருக்கிறது? ஒரு நேர்காணலில் ‘நீங்கள் தொல்லியல் படிக்கவில்லையே’ என்று மகளைத் திருப்பி அனுப்பினார்கள். சரி, உடற்கூறியல் பக்கம் போகலாம் என்றால் அங்கே மருத்துவப் பட்டம் கேட்கிறார்கள். ஈர மண்ணிலிருந்து வெளியே வந்த எலும்பு வெயில் பட்டால் வெடித்துவிடும். வெறும் கையால் தொட்டால் நம்முடைய மரபணுவும் அதில் ஒட்டிக்கொள்ளும். எடுத்த பிறகு நிபுணரைக் கூப்பிட்டு என்ன பயன்? தோண்டத் தொடங்கும் நாளிலிருந்தே எலும்பு தெரிந்த ஒருவர் குழிக்குள் இருக்க வேண்டும். அதற்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும்.

உங்கள் இதழ் இதைக் கேட்டு எழுத வேண்டும். எலும்பு ஆய்வாளர் ஒருவரின் பேட்டியையும் வெளியிடுங்கள். இந்தப் படிப்பு இருப்பதே தெரியாத பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஸ்ரீவைகுண்டம்