பெருங்குடல் புற்றுநோயாளரிடமே கேட்டு அளவிடுங்கள்: நியூ சவுத் வேல்ஸ் புற்றுநோய் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

மேற்குச் சிட்னியில் பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் தமிழ் முதியவர்களுக்கு வைத்தியசாலைத் துணையாகச் சென்றுவருபவள் என்ற முறையில், அவர்களுடைய பராமரிப்பு எவ்வளவு ஒருங்கிணைந்திருக்கிறது என்பதை அவர்களிடமே கேட்டு ஒழுங்காக அளவிட வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அவுஸ்திரேலியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேருக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. குடும்ப வைத்தியர், கமெராக் குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலொனோஸ்கோபி செய்பவர், சத்திரசிகிச்சை நிபுணர், கீமோதெரபி நிபுணர், மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் ஸ்டோமா என்னும் திறப்பைப் பராமரிக்கும் தாதி என்று ஒரு நோயாளர் பலரிடம் போக நேரிடுகிறது; கட்டி மலக்குடலில் இருந்தால் பெரும்பாலும் கதிர்வீச்சு நிபுணரும் சேர்கிறார். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செவ்வனே செய்தும் நோயாளர் இடையில் கைவிடப்படலாம். நான் துணைசென்ற ஒரு முதியவர், வீடு திரும்பிய முதல் வார இறுதியிலேயே ஸ்டோமா பை கசிந்து தோல் புண்ணானபோது, யாரை அழைப்பதென்று தெரியாமல் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுவதும் காத்திருந்தார். அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கமும் விளக்கமும் அவரிடம் கொடுத்தனுப்பிய கடித உறைக்குள், அவரால் வாசிக்க முடியாத ஆங்கிலத்தில் இருந்தன. சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த நாட்களை மட்டும் எண்ணும் பதிவேட்டின்படி அவருக்கு எந்தக் குறையும் நேரவில்லை.

அளவிடக் கருவி இல்லை என்று சொல்ல இடமில்லை. ஆய்வாளர் ஜேன் யங்கும் சகாக்களும் இந்த மாநிலத்து நோயாளரைக் கொண்டே உருவாக்கி 2011இல் வெளியிட்ட வினாக்கொத்தில் 20 கேள்விகள் உள்ளன; ஒரு பகுதி தகவல் பரிமாற்றத்தையும் மற்றது சிகிச்சை அமைப்புக்குள் வழி கண்டு செல்வதையும் பற்றியது. வீடு திரும்பியவர்களைத் தாதி ஒருவர் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும் முறையையும் யங் தலைமையிலான குழு 23 வைத்தியசாலைகளின் நோயாளரிடம் சோதித்து, எதிர்பார்த்த பயன் புலப்படவில்லை என்று 2013இல் வெளிப்படையாக அறிவித்தது. பயன் தரும் என்று எல்லோரும் எண்ணக்கூடிய ஏற்பாட்டையும் அளந்து பார்க்கத் துணிந்த அந்த நேர்மையைத்தான் அன்றாடப் பராமரிப்பிலும் எதிர்பார்க்கிறேன்.

வெளிநோயாளர் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையங்களில் அனுபவக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டுவந்ததை அறிவேன், அது பெறுமதியானது. எனினும் நிலையத்துக்கு வந்தவர்களைக் கேட்கும் கணக்கெடுப்புக்கு, வராமல் விடுபட்டவர்கள் அகப்படுவதில்லை. ஆகவே சத்திரசிகிச்சை முடிந்து கீமோதெரபிக்குப் போகும் கட்டத்தில் ஒருமுறையும், சிகிச்சைகள் யாவும் முடிந்து கண்காணிப்புத் தொடங்கிய பின் மற்றொருமுறையும், புற்றுநோய்ப் பதிவேட்டிலுள்ள பெருங்குடல் புற்றுநோயாளர் அனைவரையும் கேளுங்கள். இரண்டாவதே எனக்கு அதிகக் கவலை தருகிறது: இரத்தப் பரிசோதனை, சிடி ஸ்கான், ஓராண்டு நிறைவில் கொலொனோஸ்கோபி ஆகியவற்றை யார் எழுதிக்கொடுப்பது என்பதில் குடும்ப வைத்தியர் நிபுணரையும், நிபுணர் குடும்ப வைத்தியரையும் எதிர்பார்த்திருக்க, நோயாளர் இருவரையும் நம்பியிருப்பார்.

கேள்விகள் தமிழ் உட்பட நோயாளர் பேசும் மொழிகளில் இருக்க வேண்டும். வெறும் மொழிபெயர்ப்போடு நிறுத்தாமல், அம்மொழி பேசுவோரிடம் சோதித்துப் பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். வாசிக்க இயலாதவரிடம் பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் தொலைபேசியில் கேட்கட்டும். தாயின் வினாக்கொத்தை மகன் நிரப்பினால் நமக்குக் கிடைப்பது மகனுடைய அனுபவமே.

முடிவுகளை மாநிலச் சராசரியாக மட்டும் வெளியிடாமல் வைத்தியசாலை வாரியாகவும், உரைபெயர்ப்பாளர் தேவைப்பட்டவர்களுக்குத் தனியாகவும் வெளியிடுமாறும், குறைந்த மதிப்பெண் பெற்ற ஒவ்வொரு சிகிச்சைக் குழுவும் எதை மாற்றியது என்பதை மறு ஆண்டு அறிக்கையில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மேற்குச் சிட்னியிலிருந்து ஒரு நோயாளர் துணையாளர்