அந்த எல்பியெல்லாம் இப்பக் குடுத்துடாதீங்க மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்க நல்லா இருக்கேன், நீங்களும் அத்தையும் எப்படி இருக்கீங்க, அத்தைக்கு முட்டி வலி குறைஞ்சுதா. போன்லயே பேசியிருக்கலாம், ஆனா போன்ல நீங்க "சரிடா சரிடா"ன்னு வச்சிடுவீங்க, அதான் உக்காந்து டைப் பண்ணிட்டேன், அத்தைய விட்டு படிக்கச் சொல்லிக் கேளுங்க.

விஷயம் இதான். மெட்ராஸ்லேர்ந்து யாரோ ஒருத்தர் வந்து மாடி ரூம்ல கிடக்குற எல்பி ரெக்கார்டு அத்தனைக்கும் மொத்தமா ஒரு ரேட்டு பேசிட்டுப் போயிருக்காராம், நீங்களும் "இடம் காலியானா போதும்"னு சொன்னீங்களாம், அம்மா சொன்னாங்க. கேட்டதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல. குடுத்துடாதீங்க மாமா, ப்ளீஸ். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போவும்.

டோக்கியோல நான் இருக்குற நிஷி கசாய்ல நம்ம ஆளுங்க நிறைய, இட்லி மாவு கிடைக்குது, பொங்கலுக்குப் பொங்கல் இருக்கு, ஆபீஸ் வீடு ஆபீஸ்னு முத ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு, ஜப்பான்ல இருக்கேன்னே தோணல. அப்பறம் ஒரு சனிக்கிழமை புஸ்தகக் கடைங்களா இருக்குற ஜிம்போச்சோ பக்கம் சுத்தினப்ப செம மழை, ஒதுங்க இடம் தேடி ஒரு மாடிப்படி ஏறினேன், மேல ஒரு காப்பிக் கடை. கதவைத் தொறந்தா இருட்டு, ஏழெட்டு பேரு உக்காந்திருக்காங்க, ஒருத்தரும் பேசல, எல்லாரும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டிருக்காங்க. அந்தப் பக்கம் ரெண்டு ஜேபிஎல் ஸ்பீக்கர், ஒவ்வொண்ணும் நம்ம வீட்டு பீரோ ஒசரம். நான் "எக்ஸ்கியூஸ் மீ"ன்னேன், மாஸ்டர் (ஓனரை இங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க) உதட்டுல வெரலை வச்சு ஒரு போர்டைக் காட்டினாரு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பேசக்கூடாது.

இதுக்குப் பேரு ஜாஸ் கிஸ்ஸா, அதாவது ஜாஸ் இசை கேக்குறதுக்குன்னே இருக்குற காப்பிக் கடை. அந்தக் காலத்துல வெளிநாட்டு எல்பி ஒண்ணு வாங்கணும்னா மாசச் சம்பளத்துல பெரிய துண்டு போயிடும், அதனால கடைக்காரர் வாங்கி வைப்பாரு, ஜனங்க ஒரு காப்பிய வச்சுக்கிட்டு மணிக்கணக்கா கேட்டுட்டுப் போவாங்க. யோகோஹாமால ஒண்ணு 1933லயே ஆரம்பிச்சது. இப்ப ஓடுற எல்பியோட கவரை ஒரு ஸ்டாண்டுல நிக்க வைப்பாங்க, ஒரு பக்கம் முடிஞ்சா அடுத்த எல்பி, ரெண்டு பக்கமும் சேத்துப் போடுற வழக்கம் இல்ல. அன்னிக்கு 700 யென் காப்பி ஒண்ணுக்கு ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். நம்ம பெரிய தெரு கடை ஞாபகம் வந்துச்சு மாமா, நீங்க கஸ்டமர் குடுத்த லிஸ்ட்டுக்கு ஒவ்வொரு பாட்டா டேப்புல ஏத்தறப்ப யாராவது பேசினா கையை ஓங்குவீங்களே, அதேதான்.

ஆனா ஆறு மணிக்கு மேலதான் கச்சேரியே. வாயை மூடிக்கிட்டு இருந்த அதே ஆளுங்க லைட் போட்ட ஒடனே சண்டைக்கு நிப்பாங்க. ரிட்டயர் ஆன ரயில்வே பெரியவர் ஒருத்தர், ஒரு பல் டாக்டர், அச்சாபீஸ்ல வேலை பாக்குற அம்மா ஒருத்தங்க, இவங்க மூணு பேரும் வாரா வாரம். இது என்ன பாட்டுன்னு பேச்சு வராது, இது எந்த பிரஸ்ஸிங் (எங்க அச்சடிச்ச தட்டு), எந்த வருஷம், டேப்புலேர்ந்து தட்டுக்கு யாரு கட் பண்ணினாங்க, அதான் பேச்சு. என் ஜப்பானீஸை வச்சுக்கிட்டு முதல்ல பாதிதான் புரிஞ்சுது, இப்ப முக்கால்வாசி புரியுது, மீதியை அவங்க மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுக்குவேன்.

ஒரு உதாரணம் சொல்றேன், உங்களுக்குப் புடிக்கும். மைல்ஸ் டேவிஸ்னு ட்ரம்பெட் வாசிக்கிறவரு, அவரோட கைண்ட் ஆஃப் ப்ளூ, ஜாஸ்ஸே தெரியாதவன் வீட்ல கூட இருக்குற எல்பி. நியூயார்க்ல ஒரு பழைய சர்ச்சை கொலம்பியா கம்பெனி ஸ்டூடியோவா மாத்தி வச்சிருந்தாங்க, அங்க 1959 மார்ச் 2ம் தேதி முதல் பக்கத்து மூணு பாட்டையும் எடுத்தாங்க. அன்னிக்கு ஓடின டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடிடுச்சு. உங்களுக்கு நான் சொல்லணுமா, ஏத்துற மெஷின் மெதுவா ஓடி, போடுற மெஷின் சரியா ஓடினா பாட்டு வேகமா வரும், சுருதி ஏறும். அப்படியே எல்பி போட்டுட்டாங்க. 1992ல தான் கூடவே ஓடின இன்னொரு மெஷினோட டேப்பை வச்சு சரி பண்ணி விட்டாங்க. 33 வருஷம் மாமா! அவ்வளவு நாளும் உலகமே ஏறின சுருதியிலதான் கேட்டிருக்கு, எல்பிகூட சேந்து வாசிச்சுப் பழகினவன் எல்லாம் சொந்த வாத்தியம்தான் சரியில்லைன்னு நெனச்சிருப்பான்.

இப்ப சண்டை என்னன்னா, எது ஒரிஜினல்? பல் டாக்டர் சொல்றாரு, வாசிச்சவங்க வாசிச்ச சுருதிதான் ஒரிஜினல், திருத்தி மறுபடி போட்ட ரீஇஷ்யூதான் உண்மை. ரயில்வே பெரியவர் ஒத்துக்கவே மாட்டேங்குறாரு, நான் இருபது வயசுல கேட்டு அழுதது அந்த வேகத்துலதான், திருத்தினதைக் கேட்டா யாரோ தூக்கக் கலக்கத்துல வாசிக்கிற மாதிரி இருக்குங்குறாரு. எனக்கு ஒடனே அந்த நாயனக்காரர்தான் ஞாபகம் வந்தாரு மாமா. அவர் கச்சேரியை நீங்க கேசட் போட்டுக் குடுத்து, மறுநாள் கடை வாசல்ல வந்து நின்னு "என்னை அரைக் கட்டை ஏத்தி விட்டுட்டியேய்யா"ன்னு கத்தினாரே. நீங்க பேசாம டெக்கை மல்லாத்திப் போட்டு மோட்டார் பின்னாடி ஓட்டைல சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகினீங்க. இதை அவங்ககிட்ட சொன்னேன், எனக்குத் தெரிஞ்ச ஜப்பானீஸ்ல, கையால திருகிக் காட்டி. மாஸ்டர் சிரிச்சாரு பாருங்க, அவர் சிரிச்சு நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

சரி, இப்ப ஒரிஜினல் கதைக்கு வரேன், உங்க மாடி ரூமுக்கும் இது சம்பந்தப்பட்டது.

ப்ளூ நோட்னு ஒரு கம்பெனி. ஆல்ஃபிரட் லயன்னு பெர்லின்லேர்ந்து நியூயார்க் போனவரு 1939ல ஆரம்பிச்சாரு, அப்பறம் அதே பெர்லின் கூட்டாளி ஃபிரான்சிஸ் வுல்ஃபும் வந்து சேந்தாரு, அவர்தான் போட்டோ புடிக்கிறது. பொழைக்கப் போன எடத்துல அந்த ஊர்க்காரனே கண்டுக்காத பாட்டைத் தேடித்தேடி ரெக்கார்டு பண்ணியிருக்காங்க. ரெக்கார்டு பண்ணிக் குடுத்த ரூடி வான் கெல்டர் பகல்ல கண்ணு டெஸ்ட் பண்ணி கண்ணாடி எழுதிக் குடுக்குறவரு, நியூஜெர்சில ஹாக்கன்சாக்ல அவங்க அப்பா அம்மா வீட்டுக் கூடத்துலதான் ரெக்கார்டிங், 1959லதான் தனி ஸ்டூடியோ கட்டினாரு. அந்தக் கூடத்துல 1958 ஜனவரில எடுத்ததுதான் கூல் ஸ்ட்ரட்டின்ங்குற எல்பி. பியானோ சோனி கிளார்க். கவர்ல ஒரு பொண்ணோட காலு மட்டும், ஹை ஹீல்ஸ் போட்டு ரோட்டுல நடக்குது. அமெரிக்கால அது பெருசா விக்கல, அந்த மனுஷனும் 1963ல 31 வயசுல போய்ச் சேந்துட்டாரு. இங்க டோக்கியோல அந்தக் கவர் இல்லாத கிஸ்ஸாவே கிடையாதுன்னு சொல்லலாம், தலைல தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க. சொந்த ஊர்ல விலை போகாதது வெளியூர்ல போவும்ங்குறதுக்கு இதை விட என்ன வேணும், மெட்ராஸ்காரரு பேசின ரேட்டை வச்சு உங்க எல்பியை எடை போடாதீங்கன்னு சொல்ல வரேன்.

இதோட ஒரிஜினல், அதாவது அந்தக் காலத்துலயே அச்சடிச்ச தட்டு, வாங்கணும்னா லட்சக்கணக்குல யென். ஒரிஜினல்னு எப்படிக் கண்டுபுடிக்கிறதுன்னா அது ஒரு தனி வித்தை. லேபிள்ல கம்பெனி விலாசம் பாப்பாங்க, முதல்ல லெக்ஸிங்டன் அவென்யூ, அப்பறம் 47 வெஸ்ட் 63, அப்பறம் வெறும் நியூயார்க் யுஎஸ்ஏ. பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னாடி காலி வளையம் இருக்கே, அதை லைட்டுக்கு நேரா சாச்சுப் புடிச்சா ஆர்விஜின்னு வான் கெல்டரோட எழுத்து தெரியும், பக்கத்துல காது மாதிரி ஒரு குறி. அது காது இல்ல, பிளாஸ்டிலைட்னு அச்சடிச்ச ஃபேக்டரியோட பி எழுத்து, சாஞ்சு கிடக்குறதால காது மாதிரி இருக்கு. அப்பறம் லிபர்ட்டி கம்பெனி ப்ளூ நோட்டை வாங்கினதும் காது போச்சு. காது இருக்கா இல்லியான்னுதான் இங்க மொதக் கேள்வி.

நானும் ஏமாந்தேன், ஏமாத்தினது யாரும் இல்ல, என் படிப்பறிவுதான். ஓச்சாநோமிசுல ஒரு கடைல ஜாஸ் எல்பி மலையா குமிஞ்சு கிடக்கும், அங்க கூல் ஸ்ட்ரட்டின் ஒண்ணு நல்ல கண்டிஷன்ல மலிவா கிடந்துச்சு, அள்ளிக்கிட்டு நேரா கிஸ்ஸாக்கு ஓடினேன். மாஸ்டர் உறையிலேர்ந்து எடுத்தாரு, லைட்ல ஒரு தடவை சாச்சாரு, ஒண்ணும் சொல்லல, "கவர் ரொம்ப நல்லா இருக்கு"ன்னாரு. அவ்வளவுதான். விலைச் சீட்டுல பெருசா ரெண்டு கஞ்ஜி எழுத்து இருந்துருக்கு, சைஹாட்சு, அப்படின்னா ரீஇஷ்யூ. காசு குடுத்து நான் கத்துக்கிட்ட மொத கஞ்ஜி அதான். ஆனா மாஸ்டர் அதை ஓட்டினாரு, கவரை ஸ்டாண்டுல வச்சாரு, எல்லாரும் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாங்க, அப்பறம்தான் அச்சாபீஸ் அம்மா சொன்னாங்க அது ஜப்பான்லயே 1970கள் கடைசில கிங் கம்பெனி போட்டதுன்னு, கிங் பிரஸ்ஸிங்தான் எனக்கு உசத்தி, தோஷிபா போட்டதை விட மேலன்னு. பல் டாக்டர் ஒடனே தோஷிபாவுக்கு வக்காலத்து. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது, வெளிய சொல்லல.

கிங் கம்பெனிக்காரங்களை ஒரு விஷயத்துல கும்புடணும் மாமா. ப்ளூ நோட் ரெக்கார்டு பண்ணிட்டு வெளியிடாமயே அலமாரில போட்டு வச்ச டேப்பு ஏகப்பட்டது. டீனா புரூக்ஸ்னு ஒருத்தர், டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறவரு, நாலு எல்பிக்கு வாசிச்சுக் குடுத்திருக்காரு, உயிரோட இருந்தப்ப வந்தது ட்ரூ ப்ளூ ஒண்ணுதான். இன்னொண்ணுக்கு 4052ன்னு நம்பர் குடுத்து கவர் டிசைன் வரைக்கும் பண்ணிட்டு வெளியிடல. 1974ல 42 வயசுல செத்துட்டாரு. 1958ல அவர் வாசிச்ச மொத டேப்பை 1980ல கிங் இங்கதான் எல்பியா போட்டுச்சு. ரயில்வே பெரியவர் அதை வாங்கின அன்னிக்கு வேலைக்கே போகலியாம்.

இப்ப புதுசா ப்ளூ நோட்டோட பழைய ரெக்கார்டிங்கை மறுபடி போடுற டோன் பொயட்னு ஒரு சீரிஸ், 2019லேர்ந்து வருது, ஒரிஜினல் டேப்புலேர்ந்தே கெவின் கிரேன்னு ஒருத்தர் திரும்பக் கட் பண்றாரு. அதுல பேஸ், அதான் அடிச் சத்தம், நல்லா எறங்கிக் கேக்குது, பியானோ தெளிவா இருக்கு. நான் "இதான் பெஸ்ட்"னு சொல்லித் தொலைச்சேன். மாஸ்டர் கப்பைக் கழுவிக்கிட்டே கேட்டாரு, அந்தக் கால மலிவு பிளேயர்ல முள்ளு எகிறிடக் கூடாதுன்னு வான் கெல்டர் பேஸைக் குறைச்சுக் கட் பண்ணினாரு, குறைச்சது போக மீதியை எப்படித் தூக்கிக் காட்டணும்னு யோசிச்சுத்தானே பண்ணியிருப்பாரு, அப்ப டேப்புல இருக்குறது அவர் சத்தமா, தட்டுல இருக்குறது அவர் சத்தமா? பதில் சொல்லத் தெரியல. பல் டாக்டர் விடுவாரா, 1990கள் கடைசிலேர்ந்து வான் கெல்டரே உக்காந்து சிடிக்கு மாத்திக் குடுத்தாரே, அதைக் கேட்டா உங்களுக்கே காது கூசுதுன்னு சொல்றீங்களே, அப்ப அது யாரு சத்தம்னு ஆரம்பிச்சாரு. கடைசி ரயில் நேரம் வந்துதான் முடிஞ்சுது.

இப்ப உங்க மாடி ரூம். அங்க எக்கோ கம்பெனி போட்ட ராஜா எல்பிங்க இருக்கு, கல்கத்தா டம்டம் ஃபேக்டரில அடிச்ச எச்எம்வி இருக்கு, நாயனமும் புல்லாங்குழலுமா ஒரு பெட்டி தனியா இருந்துச்சே. நீங்க ஒவ்வொரு கவர் பின்னாடியும் பால் பாயிண்ட்ல "2வது பாட்டுல கீறல், 4வது சுத்தம்"னு எழுதி, கடை சீல் குத்தி வச்சிருப்பீங்க. அதைப் பாத்து அந்த மெட்ராஸ்காரரு ரேட்டைக் குறைச்சிருப்பாரு, குறைப்பாங்கதான், இங்கயும் லேபிள்ல கிறுக்கல் இருந்தா விலை கம்மி. ஆனா மாஸ்டர்கிட்ட ஒரு எல்பி இருக்கு, பின்னாடி யாரோ அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் பேரும் தேதியும் பேனாவுல எழுதியிருக்கான், பக்கத்துல இருந்த அவங்க கேம்ப்லேர்ந்து பழசா வந்தது. எவ்வளவு கேட்டாலும் அதை மட்டும் விக்க மாட்டாரு.

அதனால தயவு பண்ணி, எல்பிங்களைப் படுக்க வச்சு அடுக்கியிருந்தா நிக்க வைங்க, அழுத்தத்துல வளையும். பூஞ்சை புடிச்சிருந்தா ஈரத் துணியப் போட்டுத் தேய்க்காதீங்க, லேபிள்ல தண்ணி படக்கூடாது, நான் வந்து பாத்துக்குறேன். உள்ள இருக்குற வெள்ளைக் காகித உறையத் தூக்கிப் போட்டுடாதீங்க. அத்தைகிட்ட சொல்லி, நேரம் இருக்கப்ப ஒவ்வொண்ணுலயும் காலி வளையத்துல பொறிச்சிருக்குற நம்பரை மட்டும் ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க, லைட்டுக்கு நேரா சாச்சுப் புடிச்சாத் தெரியும். கண்ணு தெரியலைன்னா போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பட்டும்.

இன்னொண்ணு, அந்த நாயனக்காரர் கேசட் உங்ககிட்ட இன்னும் இருக்கா? திருத்தினது இல்ல, மொதல்ல போட்டது, சுருதி ஏறினது. மாஸ்டர் ரெண்டு தடவை கேட்டுட்டாரு. அவர்கிட்ட கேசட் டெக்கும் இருக்கு, பின்னாடி ஸ்க்ரூ எங்க இருக்குன்னும் அவருக்குத் தெரியும்.

ஜனவரில பத்து நாள் லீவு போட்டிருக்கேன், போகிக்கு முன்னாடி வந்துடுவேன். அது வரைக்கும் மாடி ரூம் சாவி உங்க இடுப்புலயே இருக்கட்டும், மெட்ராஸ்காரரு போன் பண்ணினா மருமவன் வரணும்னு சொல்லிடுங்க.

உங்க அக்கா மவன்,
நிஷி கசாய், டோக்கியோ