அப்பாவுக்கு உன் மேல் கோபம் இல்லை

அன்புள்ள முரளி,

உன் மகள் கல்யாணத்துக்கு வராததற்கு நீ என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். நேரில் வந்தும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அந்த வாரம்தான் அப்பா கூடத்தில் விழுந்தார். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. தை மாதம் பத்திரிகை வைக்க வந்தபோது அவர் உன்னை வெறித்துப் பார்த்தார் என்று காபிகூடக் குடிக்காமல் கிளம்பினாயே, அதைப் பற்றி.

கோபமே இல்லைடா. பார்க்கின்சன் நோய். கை நடுங்கியிருந்தால் எங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். அவருக்கு நடுக்கம் அவ்வளவாக இல்லை. உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைந்து, முகத்துத் தசைகளும் இறுகிவிடுகின்றனவாம். கண் சிமிட்டுவதுகூடக் குறைந்துவிடும். நீ பார்த்த முறைப்பு அதுதான்.

நானே ஒன்றரை வருடமாக முறைப்பென்றுதான் நினைத்தேன். சின்னவனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னபோது முகத்தில் ஓர் அசைவு இல்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர், முகத்தில் மின்சாரம் வைத்துத் தசை தசையாகச் சோதித்தவர். மனதாரச் சிரித்தால் கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் என்று 1862இல் எழுதினார். படிக்காமலே நாம் எல்லோரும் அதை வைத்துத்தான் ஆளை எடைபோடுகிறோம். கண் சுருங்காவிட்டால் ஒப்புக்குச் சிரிக்கிறான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்பாவுக்கு அந்தத் தசையும் சேர்ந்துதான் இறுகிவிட்டது. சந்தோஷம் உள்ளே அப்படியே இருக்கிறது முரளி. அனுபவமுள்ள மருத்துவர்களே இந்த முகத்தைப் பார்த்து மனச்சோர்வு என்று தப்பாகக் கணிப்பதுண்டாம்.

நீ போன பிறகு, மொய்க் கவரில் தானே பேர் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். முதல் இரண்டு எழுத்து சரியாக வந்தது. அப்புறம் ஒவ்வொன்றும் சிறுத்துச் சிறுத்து, கடைசி எழுத்து கடுகு மாதிரி. அதுவும் இந்த நோய்தானாம். கவர் இன்னும் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துத் தன் கையால் கொடுக்க வேண்டுமாம்.

அவர்களை அழைத்துக்கொண்டு வா. காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஒன்பது மணி வாக்கில் வந்தால் கொஞ்சம் இலகுவாக இருப்பார். குரலும் இறங்கிவிட்டது, பக்கத்தில் உட்கார். சைக்கிளைக் குளத்தில் விட்டது நீதான் என்று இந்தத் தடவையாவது ஒத்துக்கொள். அவர் முகம் அசையாவிட்டாலும் பேச்சை நிறுத்தாதே.

அன்புடன்,
சேகர்