ஐந்து கேள்விக்குறியாகிப் போன பட்டா

மாவட்ட அலுவலகத்தில் மெயில் பார்க்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். தேன்கனிக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு தட்டித் தருவது, மெயில் அனுப்பித் தருவது எல்லாம் உண்டு. படிக்க இயலவில்லை என்று நீங்கள் பதில் போட்ட தமிழ் மனு ஒன்று உங்களுக்கே நினைவிருக்கும்.

அஞ்செட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர். இறந்துபோன கணவர் பெயரிலிருக்கும் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "ஆபீசுக்குப் போறது, தமிழ்லயே எழுதுப்பா" என்றார். எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் பதில் வந்தது: படிக்க இயலவில்லை, ஆங்கிலத்தில் அனுப்பவும் அல்லது நேரில் வரவும். கீழே அவருடைய மனு முழுக்கக் கேள்விக்குறிகள். 'பட்டா' இருந்த இடத்தில் மட்டும் ஐந்து. மூன்றெழுத்துச் சொல்தான், புள்ளியையும் துணைக்காலையும் கணினி தனியாக எண்ணும். பாட்டி இத்தனை கேள்வி கேட்கிறாரே என்று பயந்துவிட்டீர்களோ என்னவோ.

பஸ் செலவு மிச்சம் என்றுதான் மெயில் அனுப்பச் சொன்னார். கடைசியில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிக் கிருஷ்ணகிரி வந்தார். "மெயில் வந்திருக்கும்னு சொன்னேன், அது என்ன பாஷைன்னு கேட்டாங்கப்பா" என்று என் கடை வாசலில் உட்கார்ந்து சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தமிழ் மெயிலைத் தமிழாகத் திறந்து படியுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

இது புதுக் கோளாறும் அல்ல. மெயில் தொடங்கிய காலத்தில் அதற்குத் தெரிந்தது 128 குறிகள். பிரெஞ்சுக்காரர்கள் தலையில் கோடு போட்டு எழுதும் எழுத்துக்கூட அதில் இல்லை. 1992இல் பிற மொழி எழுத்துகளையும் மெயிலில் அனுப்ப வழிசெய்யும் மைம் (MIME) என்ற விதிமுறை வந்தது. அன்றிலிருந்து, எந்தக் குறிமுறையில் (எழுத்துகளைக் கணினிக்கான எண்ணாக்கும் முறை) எழுதப்பட்டது என்பதை மெயிலே சொல்லிவிடும். நான் அனுப்புவது தமிழும் அடங்கிய யூடிஎஃப்-8 (UTF-8) குறிமுறை என்று சொல்லிக்கொண்டுதான் உங்களிடம் வருகிறது. அதைக் கவனிக்காத மென்பொருளில் திறந்தால், தலைக்கோடு போட்ட ஆங்கில 'ஏ' வரிசை வரிசையாக நிற்கும். அதுகூடப் பரவாயில்லை, குறிமுறையை மாற்றினால் தமிழ் திரும்பிவிடும். கேள்விக்குறியாகவே சேமித்துவிட்டால் போனது போனதுதான். பாட்டியின் மனுவுக்கு நடந்தது அதுதான்.

யூடிஎஃப்-8க்கு அடிப்படையான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010இல். தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இல். இதில் ஆங்கிலத்தில் அனுப்பு என்று பதில்! அந்தப் பதிலையாவது பாட்டிக்குப் புரியும் மொழியில் எழுதினீர்கள், நன்றி. படிவத்தில் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்லி, அதில் ஓர் எழுத்து தப்பினால் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பும் கதை வேறு இருக்கிறது. சரி, அது இன்னொரு நாளைக்கு.

தமிழ் மெயிலைத் தமிழாகத் திறந்து படிக்க, தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள். திங்கட்கிழமை காலை அதே மனுவை மறுபடி அனுப்புகிறேன். எழுத்து சரியாகத் தெரிந்தால் "கிடைத்தது" என்று ஒரு வார்த்தை தமிழில் பதில் போடுங்கள். பாட்டிக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தேன்கனிக்கோட்டை ஜெராக்ஸ் கடைக்காரன்