கமிட் செய்தியில் காரணம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

மென்பொருள் வேலைக்குத் தயாராகும் மாணவர்களுக்கு நிரல்மொழிகளைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பலர் சேர்ந்து எழுதும் நிரலின் மாற்றங்களைக் கிட் (Git) என்ற கருவி வரலாறாகச் சேமிக்கிறது; அப்படிச் சேமிக்கும் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். அதனுடன் எழுதும் குறிப்பான கமிட் செய்தியை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர ஆளைக் காணோம். அதனால்தான் பல ரெப்போக்களில் (நிரல் களஞ்சியங்களில்) 'அப்டேட்', 'பக் ஃபிக்ஸ்', 'மறுபடியும் பக் ஃபிக்ஸ்' என்றே வரலாறு நீள்கிறது.

எந்த வரி மாறியது என்பதை டிஃப் (பழைய, புதிய நிரலுக்கு இடையிலான வேறுபாடு) காட்டிவிடும். ஏன் மாறியது என்பது மாற்றியவருக்கு மட்டுமே தெரியும். செய்தியில் வர வேண்டியது அதுதான். 'ரவுண்டிங் ஃபிக்ஸ்' என்பதற்குப் பதில், 'கூட்டிய பிறகே தொகையை ரவுண்ட் செய்' என்று தலைப்பு வைக்கலாம். அடியில் இப்படி எழுதலாம்: '33.335 விலையுள்ள மூன்று பொருள்களை வரிக்கு வரி ரவுண்ட் செய்தால் 100.02 வருகிறது, வர வேண்டியது 100.01. ஏற்கெனவே சேமித்த பில்கள் மாறாது.' பிற்பாடு அந்த வரியில் கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கட்டளை) ஓட்டிப் பார்ப்பவர், இது எதற்கு என்று பழையபடி மாற்றிவிட மாட்டார். எதைத் தொடவில்லை என்று சொல்லும் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

தலைப்பு சுமார் 50 எழுத்துக்குள், பிறகு ஒரு வெற்று வரி, விளக்கம் வரிக்கு 72 எழுத்து என்பது வழக்கம். 50-ஐத் தாண்டினால் கிட் தடுக்காது. ஆனால் நடுவில் வெற்று வரி இல்லாவிட்டால் வம்பு. முதல் வெற்று வரி வரை உள்ளதையெல்லாம் கிட் தலைப்பாகவே எடுத்துக்கொள்வதால், ஒருவரிப் பட்டியலில் முழுப் பத்தியும் வந்து நிற்கும். தலைப்பு 'சேர்', 'நீக்கு', 'மாற்று' என ஏவலாக இருக்கட்டும். கிட் தானாக எழுதும் ரிவர்ட் (ஒரு கமிட்டை ரத்து செய்தல்), மெர்ஜ் (கிளைகளை இணைத்தல்) செய்திகளும் அப்படித்தான்.

தலைப்பில் 'மற்றும்' போடாமல் முடியவில்லையா? அங்கே இரண்டு கமிட்டுகள் ஒளிந்திருக்கின்றன. 'கிட் ஆட் -பி' கொடுத்து மாற்றங்களைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடலாம். வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் கட்டளை, 1,000 கமிட்டுகளுக்குள் இருக்கும் ஒரு பிழையைச் சுமார் 10 சோதனையில் பிடித்துவிடும். பிடித்துக் கொடுத்த கமிட்டில் 40 கோப்புகளின் இடைவெளித் திருத்தமும் ஒரு வரி லாஜிக் மாற்றமும் கலந்து கிடந்தால் மறுபடி கண்ணால்தான் தேட வேண்டும். ரிவர்ட் செய்தாலோ இரண்டும் சேர்ந்தே போகும்.

எடிட்டரைத் திறக்காமல் கட்டளையிலேயே '-எம்' போட்டுச் செய்தியை ஒரே வரியில் முடிக்கும் பழக்கம்தான் பாதி நோய். 'கிட் கமிட் -வி' என்று கொடுத்தால் எடிட்டரில் டிஃப்பும் கீழே தெரியும்; பார்த்துக்கொண்டே எழுதலாம். டிக்கெட் (பிழை அல்லது வேலைப் பதிவு) எண்ணை மட்டும் போட்டுவிட்டு நகர்வதும் சரியல்ல. டிக்கெட் மென்பொருளை நிறுவனம் மாற்றிவிட்டால் அந்த எண் எங்கும் போய்ச் சேராது. இன்னொரு பொறி: எடிட்டரில் '#482' என்று ஒரு வரியைத் தொடங்கினால், கிட் அதைத் தன் குறிப்பு என்று கருதி அழித்துவிடும். 'டிக்கெட் #482' என்று எழுதினால் தப்பும்.

செய்தியைத் திருத்த வேண்டுமானால் புஷ் செய்வதற்கு (பொது ரெப்போவுக்கு அனுப்புவதற்கு) முன்பே 'கிட் கமிட் --அமெண்ட்' கொடுத்துத் திருத்திவிட வேண்டும். புஷ் செய்த பிறகு திருத்தினால் கமிட்டின் ஹாஷ் (அதன் அடையாளக் குறி) மாறும். அதன் மேல் வேலையைத் தொடங்கிவிட்ட மற்றவர்களின் பிராஞ்சுகள் (வேலைக் கிளைகள்) விலகிப்போகும். பொதுப் பிராஞ்சில் ஓர் எழுத்துப் பிழைக்காக அதைச் செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்